கைநூற்பை எழுதியவர்கள்

1927 நவம்பர் இறுதியில் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது அவருடைய நோக்கம் கதர் நிதி திரட்டுவது. அழைத்தவர்கள் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் இளைஞர்கள். 1924இல் உருவான அந்த அமைப்பின் முன்னோடி மானிப்பாயில் பிறந்த ஹன்டி பேரின்பநாயகம். உடுவில் பெண்கள் பாடசாலையிலும் இராமநாதன் கல்லூரியிலும் மாணவிகளிடையே காந்தி பேசினார். உடன் வந்த மகாதேவ தேசாய் அந்த இலங்கைப் பயணத்தை ஆங்கிலத்தில் எழுத, திருவல்லிக்கேணி எஸ். கணேசன் 1928இல் அதை வெளியிட்டார். அது பேச்சுகளையும் வரவேற்புகளையும் பதிவுசெய்த நூல். நூற்கும் கையை அறிய வேறு நூல்களைத் தேடவேண்டும்.

அவையும் அந்த ஆண்டுகளிலேயே எழுந்தன. மகன்லால் காந்தி சபர்மதி ஆசிரமத்தில் இராட்டினங்களோடு மல்லுக்கட்டிப் பெற்ற அனுபவத்தை 1924இல் ‘சர்க்கா சாஸ்திரம்’ ஆக்கினார். 1926இல் புந்தாம்பேகரும் வரதாச்சாரியும் கைநூற்பு, கைநெசவு பற்றிய விரிவான ஆய்வைத் தந்தார்கள். அதை வெளியிட்டது அகில இந்திய நூற்போர் சங்கம். வழக்கறிஞராயிருந்து இந்தியா வந்த அமெரிக்கர் ரிச்சர்ட் கிரெக் 1928இல் கதரின் பொருளாதாரத்தை எழுதினார். நூற்பவரின் உழைப்பைச் சூரிய சக்தியின் கணக்கில் வைத்துப் பேசிய நூல் அது. ஏன் நூற்கவேண்டும் என்று வாதாடுவதில் பின்னிரண்டும் வலிமையானவை. ஆனாலும் மகன்லாலின் நூலையே நான் மேலாக மதிக்கிறேன். எப்படி நூற்பது என்று சொல்ல முனைந்தவர் அவர். அது மிகக் கடினமான எழுத்து.

எவ்வளவு கடினம் என்பதைத் தக்ளி என்னும் சிறு கதிரைக் கையில் எடுத்தால் உணரலாம். வலக்கை விரல்கள் கதிரைச் சுண்டிவிட, இடக்கை பஞ்சுத் திரியைப் பின்னுக்கு இழுக்கிறது. முறுக்கு ஏறாத இடத்தில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நீளும். ஏறிய இடத்தில் பூட்டிக்கொள்ளும். முறுக்கு ஏறுமுன் அவசரப்பட்டு இழுத்தால் நூல் அறும். தாமதித்தால் முறுக்கு திரிக்குள்ளேயே ஓடி, பிறகு இழுத்தாலும் வராது. முறுக்கு முதலில் மெலிந்த இடத்தைத்தான் தேடிப் போகும். தடித்த இடம் தளர்ந்தே இருக்கும். அதனால் கைதேர்ந்தவர் நூலை மீண்டும் ஒருமுறை மெல்ல இழுக்கிறார்; மெலிந்த இடம் தாக்குப்பிடிக்க, தடித்த இடம் மட்டும் நீண்டு நூல் சமமாகிறது. இராட்டினத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. நூலைக் கதிரின் நுனிப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். கதிருக்குக் குறுக்கே பிடித்தால் அதே சுழற்சி நூலைக் கதிரில் சுற்றிவிடும். பிறகு சிட்டம் போட்டு நம்பர் பார்ப்பார்கள். 840 யார் நீளச் சிட்டங்கள் ஒரு றாத்தலுக்கு இருபது நின்றால் அது 20ஆம் நம்பர் நூல். நம்பரை அளந்து சொல்லிவிடலாம். எந்தக் கணத்தில் இழுப்பது என்பதைச் சொல்லத்தான் எழுத்தாளன் திணறுகிறான்.

தமிழில் நூற்கும் பெண் மிகப் பழையவள். புறநானூற்றிலும் நற்றிணையிலும் அவள் வருகிறாள். சிறு விளக்கின் ஒளியில் இரவிலும் வேலை செய்கிறாள். புலவர்கள் அவளைப் பரிவோடு பார்த்தார்கள். அவள் கைப்பழக்கத்தை அவளிடமே கேட்டு எழுத ஒருவரும் இருக்கவில்லை.

வங்காளத்தில் அப்படி ஒருவர் இருந்தார். டாக்காவில் சத்திரவைத்தியராகப் பணியாற்றிய ஜேம்ஸ் டெய்லர், மஸ்லின் தொழில் நொடிந்துகொண்டிருந்த காலத்தில் நூற்பவரையும் நெய்பவரையும் கவனித்தார்; அவருடைய நூல் 1851இல் வெளிவந்தது. மிக மெல்லிய நூலை இளம் பெண்கள் ஈரப்பதமுள்ள காலையிலும் மாலையிலும்தான் நூற்றார்கள், காற்று வறண்டால் நீர்ப் பாத்திரத்தை அருகில் வைத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அவர் குறித்து வைத்தவை.

அதே காலத்தில் மானிப்பாயிலும் எழுத்தில் அக்கறைகொண்ட ஒரு வைத்தியர் இருந்தார். 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மாணவரோடு சேர்ந்து கலைச்சொல் தொகுத்து, ‘இரணவைத்தியம்’ (1867), ‘கெமிஸ்தம்’ (1875) முதலிய நூல்களை ஆக்கினார். அவருக்கு முன்பே, 1842இல், மானிப்பாய் அகராதி ஏறத்தாழ 58,500 சொற்களோடு அச்சேறியிருந்தது. வெட்டுக்காயத்தைத் தைப்பது எப்படி என்று தமிழ் உரைநடை இந்த ஊரில் சொல்லப் பழகிவிட்டது. பஞ்சைத் திரிப்பது எப்படி என்று சொல்லவும் அதற்கு வலு இருந்தது. கேட்டவர்தான் இல்லை.

மானிப்பாயோடு உறவுத் தொடர்புள்ள இன்னொருவரும் கைத்தொழிலை எழுதினார். மானிப்பாய்ப் பொன்னம்பல முதலியாருடைய மனைவியின் சகோதரர் மகன் கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசாமி. அவருடைய முதல் மனைவி எதெல் 1903 முதல் சில ஆண்டுகள் இலங்கையில் வாழ்ந்து, கண்டிக் கைவினைகளைப் படம்பிடித்தார். பின்னாளில் எதெல் மைரே என்ற பெயரில் தாவரச் சாயங்கள் பற்றி 1916இல் நூல் எழுதி, இங்கிலாந்தின் டிச்லிங் கிராமத்தில் நெசவுப் பட்டறை அமைத்தார். வளர்ந்தபின் தொழிலைக் கற்றவர் அவர். மகன்லாலும் அப்படியே. சிறுவயதிலிருந்து நூற்பவருக்குக் கை தானே போகிறது. பிந்திக் கற்பவருக்கோ ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு சொல் வேண்டியிருக்கிறது. நல்ல செய்முறை நூல்கள் பெரும்பாலும் இத்தகையோரிடமிருந்தே வந்திருக்கின்றன.

ஆகவே யாழ்ப்பாணத்தில் இன்று கைவேலை அறியாதவர்களும் இத்தகைய எழுத்தில் இறங்கலாம். தென்னந்தும்பில் கயிறு திரிப்பவர்கள், பனந்தும்பு வேலை செய்பவர்கள், முதிய நெசவாளர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். கருவியை அளவோடு வரையுங்கள். கை அசைவைப் படம்பிடியுங்கள். சொன்னவரின் சம்மதத்தோடு அவர் பெயரையும் சேருங்கள். 2005 முதல் ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவரும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்துக்கு அவற்றை அனுப்புங்கள். மானிப்பாய்ப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் இதை ஒரு தவணைச் செயற்றிட்டமாக மாணவரிடம் ஒப்படைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.