கான்வைலர் உருவப்படமும் ஒப்புமைக் கொள்கையும்

பாப்லோ பிக்காசோ 1910-இல் பாரிசில் தீட்டிய கான்வைலர் உருவப்படத்தைக் காண்போர் பலர், 'இதில் முகம் யாண்டுளது?' என வினவி அமைவர். முகம் புலப்படாமையின் படத்தில் ஒப்புமையே இல்லை என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு பொருந்துமா என ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் திண்டுக்கல் என்னும் ஊர்ப்பெயரை நோக்குவாம். அங்குள்ள பாறைக்குன்று திண்டுபோல் தோன்றலின் ஊர் அப்பெயர் பெற்றது என்பர். எனின், அப்பெயர் குன்றின் ஒரு தோற்றத்தையே பற்றியது. சமவெளியில் அக்குன்றைச் சுற்றி வருவார்க்கு அதன் விளிம்பு இடந்தோறும் வேறுபடும்; குன்று வேறுபடுவதில்லை. ஒரு நோக்குநிலை ஒரு பொருளை முற்றக் காட்டாது என்பது இதனால் விளங்கும்.

பிக்காசோவும் பிராக்கும் வளர்த்த கியூபிசம் என்னும் ஓவியநெறி இவ்வுண்மையைப் பற்றி எழுந்தது. உருவைக் கூறுகளாகப் பகுத்து, பல நிலைகளிற் கண்டவற்றை ஒரு தளத்தில் அடுக்குதல் அதன் முறை. சிகாகோ கலைக்கூடத்தில் உள்ள இப்படத்தில், பழுப்பும் சாம்பலுமாகிய சிறு தளங்களுக்கிடையே அலைபோன்ற தலைமயிர், கழுத்துப்பட்டி முடிச்சு, கடிகாரச் சங்கிலி, கோத்த கைகள் ஆகிய சிலவே அடையாளம் காணத்தக்கன.

தொல்காப்பிய உவமவியல் ஒப்புமைக்கு வினை, பயன், மெய், உரு என நான்கு அடிப்படைகளைக் கூறும். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். ஒப்புமை இல்லை என்பார் பின்னிரண்டையே அளவுகோலாகக் கொண்டனர். இப்படத்தின் ஒப்புமையோ வினை பற்றியது. ஓவிய வணிகராகிய கான்வைலர் இதற்காக ஏறத்தாழ 30 முறை அமர்ந்தார் என்பர். கோத்த கைகள் அப்பொறுமையைப் புலப்படுத்துகின்றன. முகம் சிதறினும் அமர்ந்திருத்தல் சிதறவில்லை.

ஈண்டு ஒரு தடை எழும். சங்கிலியும் முடிச்சும் அக்கால நகர மாந்தர் பலர்க்கும் பொதுவாதலின், தலைப்பின்றி இவர் கான்வைலர் எனத் துணிதல் அரிது. இத்தடை வலிமையுடையதே. அமர்ந்தவர் யார் என்பதைத் தலைப்பே கூறுகிறது. எவ்வாறு அமர்ந்தார் என்பதையே ஓவியம் கூறுகிறது. இவ்வெல்லையை உணராது புகழ்தலும் பிழையே.

தொல்காப்பியர் இந்நெறியை முன்னுணர்ந்தார் என்பது எம் கருத்தன்று. உவமை இருபொருளை இயைப்பது. உருவப்படம் ஒருவரைக் காட்டுவது. வடிவொப்புமை ஒன்றே ஒப்புமையன்று என்னும் தெளிவை மட்டுமே அந்நூலிடம் பெறுகின்றோம். புதிய ஓவியத்தைத் தமிழில் திறனாய்வார்க்கு அத்தெளிவு நல்லதொரு தொடக்கமாம்.