கறுப்பு நாற்காலியும் ஹெத் வின்னின் கவிதையும்: 1917-ல் வேல்ஸ்

1917-ஆம் ஆண்டு செப்டம்பர் 6 அன்று வேல்ஸ் மக்களின் தேசியக் கலைவிழா பர்கன்ஹெட் நகரில் நடந்துகொண்டிருந்தது. மரபுக்கவிதைப் போட்டியில் வென்றவரின் புனைபெயர் மேடையிலிருந்து அழைக்கப்பட்டது. எக்காளம் ஒலித்தது. அரங்கில் எவரும் எழுந்து நிற்கவில்லை. பரிசுக்குரியவர் ஐந்து வாரங்களுக்கு முன்பே பெல்ஜியப் போர்க்களத்தில் இறந்துவிட்டார் என்று அறிவிக்கப்பட்டது. அவர் அமரவேண்டிய நாற்காலியின் மேல் கறுப்புத் துணி போர்த்தப்பட்டது. அந்த விழா இன்றுவரை ‘கறுப்பு நாற்காலி விழா’ என்றே அறியப்படுகிறது.

அந்தக் கவிஞர் ஹெத் வின். பரிசு பெற்ற கவிதையின் பெயர் ‘அர் அரூர்’, அதாவது ‘வீரன்’. கறுப்பு நாற்காலியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கவிதையைப் படித்தவர்கள் மிகச் சிலரே. இதற்கு மொழி ஒன்று மட்டும் காரணம் அல்ல. அன்றைய சடங்கு கவிஞருக்கு ஒரு பொருளைத் தந்துவிட்டது. கவிதை தரும் பொருள் வேறு.

விழாவும் நாற்காலியும்

வேல்ஸ் தேசியக் கலைவிழாவின் பெயர் ஐஸ்டெத்வொட். வெல்ஷ் மொழியில் ‘அமர்தல்’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. சிறந்த கவிஞரை நாற்காலியில் அமர்த்திச் சிறப்பிப்பதே விழாவின் உச்சம். கட்டற்ற யாப்பில் எழுதுபவருக்கு மணிமுடி. மரபு யாப்பில் நீண்ட கவிதை எழுதுபவருக்கு நாற்காலி. வேல்ஸிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் லிவர்பூல், பர்கன்ஹெட் பகுதியில் பெருமளவில் வாழ்ந்ததால் இங்கிலாந்தின் மண்ணிலும் இவ்விழா சில ஆண்டுகளில் நடந்தது.

நாற்காலிக்குரிய கவிதை ‘கங்ஹனெத்’ என்னும் ஒலியமைப்பைப் பின்பற்ற வேண்டும். ஒவ்வோர் அடிக்குள்ளும் மெய்யெழுத்துகள் குறித்த வரிசையில் மீண்டும் வரவேண்டும், அல்லது உள்ளேயே இயைபு அமைய வேண்டும். தமிழ் மாணவர்கள் மோனை, எதுகையை நினைத்துக்கொண்டால் இதன் தன்மை ஓரளவு புரியும். ஆனால் கங்ஹனெத்தின் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது. அடியின் முற்பாதியில் வந்த மெய்கள் அதே வரிசையில் பிற்பாதியிலும் வருவது அதன் ஒரு வகை. இந்த ஒலியே கவிதையின் பாதி உயிர் என்பதால் மொழிபெயர்ப்பில் பெரும்பகுதி இழக்கப்படுகிறது.

போரும் வேல்ஸின் பொதுவாழ்வும்

1916 டிசம்பரில் டேவிட் லாயிட் ஜார்ஜ் பிரிட்டனின் பிரதமரானார். வெல்ஷ் மொழி பேசி வளர்ந்த ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல்முறை. சிறிய நாடான பெல்ஜியத்தைக் காக்கும் போர் என்று இப்போர் வேல்ஸ் மக்களுக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. சிறிய தேசத்தவரான அவர்களிடம் அந்த வாதம் எடுபட்டது. சிற்றாலயங்களின் பிரசங்க மேடைகளும் படைக்கு ஆள் சேர்த்தன. போதகர் ஜான் வில்லியம்ஸ் இராணுவச் சீருடையிலேயே பிரசங்கம் செய்தார்.

எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. பாங்கர் நகரில் இறையியல் கல்லூரி முதல்வராக இருந்த தாமஸ் ரீஸ் 1916 அக்டோபரில் ‘அ டெய்ர்னஸ்’ என்ற மாத இதழைத் தொடங்கிப் போரை எதிர்த்து எழுதினார். 1912-லும் 1915-லும் நாற்காலி, மணிமுடி இரண்டையும் வென்ற கவிஞர் டி.எச். பாரி-வில்லியம்ஸ் மனசாட்சியின் பேரில் போரில் சேர மறுத்தவர். தெற்கே 1915 ஜூலையில் சுமார் 2,00,000 நிலக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1916 டிசம்பரில் தெற்கு வேல்ஸ் சுரங்கங்களை அரசே தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது.

போர்க்காலத்தில் கலைவிழா தேவையா என்ற கேள்வியும் எழுந்தது. 1914-ல் நடக்கவேண்டிய விழா ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. 1916-ல் அபெரிஸ்ட்வித் விழாவில் பேசிய லாயிட் ஜார்ஜ், போர் நடக்கும்போதும் ஒரு மக்கள்கூட்டம் பாடலாம் என்று வாதிட்டார். அந்த வாதத்தால் விழா பிழைத்தது. ஆனால் விழா போர் முயற்சிக்குத் துணைநிற்கும் ஒன்றாகவும் ஆனது. 1917-ல் பர்கன்ஹெட் அரங்கிலும் பிரதமர் இருந்தார்.

கவிஞர்

ஹெத் வின்னின் இயற்பெயர் எல்லிஸ் ஹம்ஃப்ரி எவன்ஸ். வடக்கு வேல்ஸில் ட்ரௌஸ்வனித் என்ற சிற்றூரில் 1887 ஜனவரி 13 அன்று பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். பதினான்கு வயதளவில் பள்ளியை விட்டு, குடும்பத்தின் ‘அர் அஸ்குர்ன்’ பண்ணையில் ஆடு மேய்த்தார். யாப்பைத் தந்தையிடமும், ஞாயிற்றுப் பள்ளியிலும், உள்ளூர்ப் போட்டிகளிலும் கற்றார். 1910-ல் கவிஞர்கள் கூடிய ஒரு சந்திப்பில் ‘ஹெத் வின்’ என்ற பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. ‘வெண்ணிற அமைதி’ அல்லது ‘தூய அமைதி’ என்பது அதன் பொருள். உள்ளூர் விழாக்களில் ஐந்து நாற்காலிகளை வென்றார். 1916 தேசிய விழாவில் இரண்டாம் இடம் பெற்றார்.

அவர் விரும்பிப் படையில் சேர்ந்தவர் அல்லர். 1916-ல் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்தது. பண்ணை வேலைக்கு விலக்கு உண்டு என்றாலும் அக்குடும்பத்திலிருந்து ஒருவர் போயாக வேண்டியிருந்தது. தம்பி போகாமலிருக்க அண்ணன் போனார். லிவர்பூலுக்கு அருகில் லிதர்லண்ட் முகாமில் பயிற்சி பெற்றார். 1917 வசந்தத்தில் உழவுப் பணிக்காகப் பல வீரர்கள் ஊருக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கும் ஏழு வார விடுப்பு கிடைத்தது. ‘வீரன்’ பெரும்பாலும் அந்த வாரங்களில் வீட்டில் எழுதப்பட்டது. பிரான்சில் ஃப்ளேஷன் என்ற ஊரில் முடிக்கப்பட்டு, அங்கிருந்து தபாலில் அனுப்பப்பட்டது. 1917 ஜூலை 31 அன்று, பாஷன்டேல் போரின் முதல் நாளில், பில்கெம் மேட்டில் படுகாயமடைந்து இறந்தார். வயது 30. அயர்லாந்துக் கவிஞர் பிரான்சிஸ் லெட்விட்ஜும் அதே நாளில் அதே போர்முனையில் இறந்தார். இருவரும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டுள்ளனர்.

‘வீரன்’ கவிதை

கவிதையின் தலைப்பு ஹெத் வின் தேர்ந்தெடுத்தது அல்ல, போட்டிக்கு அளிக்கப்பட்டது. போர்க்காலத்தில் ‘வீரன்’ என்ற தலைப்பைக் கொடுத்தால் போட்டியாளர்கள் படைவீரனைப் பாடுவார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஹெத் வின் அந்த வழியில் செல்லவில்லை. அவருடைய கவிதையில் இரண்டு பாத்திரங்கள் வருகின்றன. ஒருத்தி ‘புயல்களின் மகள்’, மற்றவன் வீரன். புயல்களின் மகள் அழகையும் அன்பையும் படைப்பூக்கத்தையும் குறிப்பவள் என்றும், வீரன் நீதியையும் விடுதலையையும் குறிப்பவன் என்றும் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். வீரனின் தியாகத்துக்குப் பின் இருவரும் ஒன்றுசேர, நல்லதொரு யுகம் பிறக்கும் என்ற நம்பிக்கையில் கவிதை முடிகிறது. ஷெல்லியின் ‘கட்டவிழ்ந்த பிரமீத்தியஸ்’ நாடகத்தின் தாக்கம் இதில் தெளிவாக உள்ளது. மனிதருக்காகத் தேவர்களை எதிர்த்துத் துன்பப்பட்டவன் பிரமீத்தியஸ். இந்த வீரனும் அவ்வகையினன். அவன் எந்த அரசனின் படையிலும் இல்லை.

கவிதையின் குறையையும் சொல்லவேண்டும். இது எளிதான கவிதை அல்ல. உருவகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. மேலும், தியாகத்தால் உலகம் மீளும் என்ற கருத்து அன்றைய ஆள்சேர்ப்பு மேடைகளிலும் ஒலித்த கருத்தே. அவ்வளவில், இக்கவிதையைப் போருக்குச் சார்பாகப் படிக்கக் கவிதையே ஓரளவு இடம்கொடுத்துவிடுகிறது. அரங்கில் இருந்தவர்கள் வேண்டுமென்றே தவறாகப் படித்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. ‘வீரன்’ என்ற தலைப்பும் இறந்த வீரரின் காலி நாற்காலியும் ஒன்றாக வந்து நின்றபோது, இரண்டும் ஒன்றே என்று தோன்றியது. கவிதையில் வரும் கலகக்காரன் மறைந்து, அவன் இடத்தில் நாட்டுக்காக உயிர்விட்ட சிப்பாய் வந்துவிட்டார்.

ஹெத் வின் போரைப் பற்றி என்ன நினைத்தார் என்று அறிய, ‘ரெவெல்’ (போர்) என்ற அவருடைய சிறு கவிதையையே முதலில் படிக்கவேண்டும். மூன்றே செய்யுள்களால் ஆனது. கடவுள் விலகிப்போய், மனிதன் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்ட காலம் என்று அது வருந்துகிறது. போரின் நிழல் ஏழைகளின் வீடுகள்மேல் விழுவதைச் சொல்கிறது. அதில் வீரன் என்று எவரும் இல்லை. அலறும் பையன்களே இருக்கிறார்கள். பரிசுக்கவிதையைவிட இதன் நோக்கு கூர்மையானது, சொல் சிக்கனமானது.

நாற்காலி சொல்வதும் சொல்லாததும்

அந்த நாற்காலியைச் செதுக்கியவர் யூஜின் வான்ஃப்ளெடரன். பெல்ஜியத்தின் மெக்கலன் நகரிலிருந்து அகதியாக வந்து பர்கன்ஹெட்டில் வாழ்ந்தவர். அப்போது பிரிட்டனில் சுமார் 2,50,000 பெல்ஜிய அகதிகள் இருந்தனர். பெல்ஜியத்தைக் காக்கப்போய் அந்நாட்டிலேயே இறந்தவருக்கு, அந்நாட்டவர் ஒருவர் செய்த நாற்காலி. போரின் நியாயத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்று ஒருவர் வாதிடலாம். போர் ஒருவரை வீட்டிலிருந்து துரத்தியது, மற்றொருவரை வீட்டுக்குத் திரும்பவிடவில்லை என்றும் இதையே படிக்கலாம். கறுப்புத் துணி இரண்டு படிப்புகளுக்கும் இடம் தந்தது. அதனால்தான் போரை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அந்த அரங்கில் சேர்ந்து அழ முடிந்தது. அது சடங்கின் வலிமை. இறந்தவர் ஏன் அங்கே அனுப்பப்பட்டார் என்ற கேள்வியை அது எழுப்பவில்லை. அது சடங்கின் குறை.

அதே விழாவில் மணிமுடியை வென்றவர் வில் இவான். அவருடைய வெற்றியை இன்று நினைவுகூர்பவர்கள் குறைவு. கவிதைக்காக நடந்த ஒரு விழாவில் கவிதை பின்னுக்குப் போனதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

சொந்த ஊரின் நினைவு

ட்ரௌஸ்வனித் மக்கள் வேறுவிதமாக நினைவுகூர்ந்தனர். 1918-ல் ‘மேய்ப்பனின் கவிதைகள்’ என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய தொகுப்பு வெளிவந்தது. 1923-ல் ஊரில் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் அவருடைய தாய். சிலையில் இருப்பவர் சீருடை அணிந்த சிப்பாய் அல்லர், ஆடு மேய்ப்பவர். பின்னர் 1992-ல் பால் டர்னர் இயக்கத்தில், கவிஞர் ஆலன் லூயிடின் திரைக்கதையில் ‘ஹெத் வின்’ திரைப்படம் வந்து, அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றது. அர் அஸ்குர்ன் பண்ணைவீட்டை 2012-ல் ஸ்னோடோனியா தேசியப் பூங்கா வாங்கியது. நாற்காலி செப்பனிடப்பட்டு அங்கேயே வைக்கப்பட்டுள்ளது.

முதல் உலகப்போரில் இறந்தோருக்கான வேல்ஸ் நினைவுப் புத்தகத்தில் சுமார் 35,000 பெயர்கள் உள்ளன. அவர்கள் அனைவருக்குமான துயரத்தை அந்த ஒரு நாற்காலி தாங்கியது. அந்தப் பணியைக் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. ஆயினும் மாணவர்கள் ஹெத் வின்னை அறிய விரும்பினால் நாற்காலியிலிருந்து தொடங்கக்கூடாது. ‘போர்’ கவிதையை முதலிலும், ‘வீரன்’ கவிதையை அதற்குப் பின்னும் படித்துவிட்டு நாற்காலியிடம் வருவது நல்லது. அப்போது அந்தக் கறுப்புத் துணிக்குக் கீழே, தம்பிக்காகப் போய்த் திரும்பாத ஓர் ஆட்டுப்பண்ணை மகன் தெரிவார்.