ஞானோபதேச வினாவிடையில் குழந்தையின் இடம்

முன்னுரை
கிறித்தவ மிஷனரிகளின் கல்விப்பணியை மதிப்பிடுவோர் அச்சு, உரைநடை வளர்ச்சி, பள்ளிகளின் பெருக்கம் ஆகியவற்றையே பெரிதும் எடுத்துரைப்பர். அப்பள்ளிகளில் சிறுவர் பயின்ற ஞானோபதேச நூல்களின் வடிவம் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. அவ்வடிவத்தில் வினவும் உரிமை யாருக்கு வழங்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வினவும் ஆசிரியர்
1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறுநூலாகும். அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’, சிறுவர்க்குக் கற்பிப்பதற்காக மார்க்கோஸ் ஜோர்ஜ் போர்ச்சுக்கீசிய மொழியில் உரையாடலாக இயற்றிய நூலைத் தழுவியது. இரண்டையும் தமிழில் தந்தவர் அண்டிரிக் அடிகளார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். முதலில் சொற்களை மாறாமல் மனனம் செய்வித்து, பின்னரே பொருளை விளக்க வேண்டும் என்பது 1529இல் அந்நூலின் முன்னுரையில் லூத்தர் வகுத்த முறையாகும்.

இத்தகைய கற்பித்தலில் ஆசிரியர் வினவுகிறார். முன்னரே வகுக்கப்பட்ட விடையைக் குழந்தை ஒப்பிக்கிறது. வினா ஐயத்திலிருந்து பிறப்பதில்லை. நினைவைச் சோதிக்கவே எழுகிறது.

மனனமும் ஐயமும்
மனனம் கிறித்தவப் பள்ளிகள் கொணர்ந்த வழக்கமன்று. திண்ணைப் பள்ளிகளிலும் ஆத்திசூடி மனனமாகவே பயிலப்பட்டது. ஆனால் ஆத்திசூடி அறத்தை ஏவுகிறது, வினவுவதில்லை. ஞானோபதேசமோ வினாவையும் மனனத்திற்கு உட்படுத்தியது. மெய்கண்ட சாத்திரங்களுள் ஒன்றான ‘உண்மை விளக்கம்’ இதற்கு மாறானது. அதில் மாணவராகிய மனவாசகங்கடந்தார் வினவ, ஆசிரியராகிய மெய்கண்டார் விடை பகர்கிறார். அது சிறுவர்க்கான நூலன்று. முடிந்த முடிபும் ஆசிரியருடையதே. எனினும் ஐயம் மாணவருக்கு உரியதாக அமைகிறது.

குழந்தை கற்பிப்பவராதல்
வடிவத்தை மட்டும் கொண்டு குழந்தை முற்றிலும் செயலற்றிருந்தது எனக் கொள்வதும் பொருந்தாது. இந்நூல்கள் அச்சாவதற்கு முன்பே, 1542 முதல் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், செபங்களைக் கற்ற சிறுவரைத் தம் வீட்டாருக்குக் கற்பிக்கச் செய்தார். நோயுற்றோர் இல்லங்களுக்கும் அனுப்பினார். அவருடைய கடிதங்கள் இதனைத் தெரிவிக்கின்றன. கற்பித்தலில் விடை கூறுபவனாக நின்ற சிறுவன், ஊரில் பெரியோர்க்குக் கற்பிப்பவனானான். எனினும் அவன் கற்பித்ததும் மாறாத பாடத்தையே.

முடிவுரை
ஞானோபதேசக் கல்வி குழந்தைக்குப் பொதுவெளியில் குரல் அளித்தது. அக்குரலில் ஐயத்திற்கு இடமளிக்கவில்லை. இவ்விரண்டையும் சேர்த்து நோக்காத மதிப்பீடு புகழ்ச்சியாகவோ கண்டனமாகவோ முடியும். இன்றைய மறைக்கல்வி, நீதிபோதனை வகுப்புகளுக்கும், எச்சமயம் சார்ந்தவையாயினும், இவ்வளவுகோல் பொருந்தும். குழந்தை எத்தனை விடைகளை அறிந்துள்ளது என்பதோடு, பாடத்தில் இல்லாத வினாவை எழுப்ப அதற்கு இடமுண்டா என்பதும் ஆராயப்பட வேண்டும்.