பதக்கங்களும் உருவவாதமும்

உருவம்தான் எல்லாம் என்கிற கட்சிக்கு நம்மிடையே ஆள் பஞ்சமில்லை. அவர்களுக்கு நான் ஒரு கூட்டத்தைச் சிபாரிசு செய்கிறேன்: இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ராணுவ பாட்ஜ்களைச் சேகரிப்பவர்கள்.

தி. நகரில் நான் அறிந்த ஒரு சேகரிப்பாளரின் பேச்சில் போர் வராது. ஊசி, கீல், கொக்கி, பின்புறத்தில் தயாரிப்பாளரின் எண், இவைதாம். ஆரம்ப வருஷங்களில் டோம்பாக் என்ற, செம்பு அதிகமுள்ள பித்தளை. 1942-ஐ ஒட்டித் துத்தநாகம். துத்தநாகத்தின் மேல் ஏற்றிய பூச்சு நிற்காது, சாம்பல் பூத்துவிடும். ஆகவே பளபளக்கிற துத்தநாகத்தைச் சந்தேகி என்பது அவருடைய முதல் பாடம். இந்தச் சிரத்தை பொய்யில்லை. நம் விமர்சகர்களில் எத்தனை பேர் ஒரு கவிதையை இப்படிப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள்?

தனக்கு அரசியல் கிடையாது, வேலைப்பாடுதான் என்கிறார் அவர். இதைச் சோதிக்க வழி இருக்கிறது. மேற்கு ஜெர்மனி 1957-ல் இயற்றிய சட்டம் பழைய சிப்பாய்கள் பதக்கங்களை அணியலாம், ஸ்வஸ்திகா மட்டும் கூடாது என்றது. இரும்புச் சிலுவையின் நடுவில் ஸ்வஸ்திகா போய் ஓக் இலைகள் வந்தன. அதே வடிவம், அணிபவன் அதே மனிதன். சேகரிப்பவர்களிடம் இதற்கு மதிப்பு சொற்பம். போர்க்காலத்தில் செய்ததல்ல, அதனால்தான் என்பார்கள். பழமைதான் விலை என்றால் 1914-ன் இரும்புச் சிலுவை இருபத்தைந்து வருஷம் மூத்தது. 1939-ன் சிலுவைக்குக் கிடைக்கும் விலை அதற்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஏராளமாக வழங்கப்பட்டது ஒரு காரணம். முழுக் காரணம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. நடுவிலிருக்கும் அந்த நான்கு மடங்கிய கைகளுக்குத்தான் பணம் போகிறது. (சௌகார்பேட்டைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவை இலவசம்.) உள்ளடக்கத்தை வாசல் வழியே துரத்தியவர் அதையே கொல்லைப்புறமாக விலை கொடுத்து வாங்குகிறார்.

காயப் பதக்கம் என்று ஒன்று. ஒன்றிரண்டு காயத்துக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி நிறம், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் தங்க நிறம். வங்கியில் காலம் தள்ளுகிற எனக்கு இந்த ஸ்லாப் முறை சட்டென்று புரிகிறது. வெல்வெட்டில் மூன்றும் வரிசையாக இருக்கின்றன. கறுப்பு மலிவு.

நம் பங்கும் இதில் உண்டு. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைப் பெரும்பாலும் கொண்டு ஜெர்மனியில் போஸ் திரட்டிய படையின் கைச்சின்னத்தில் மூவர்ணம், பாயும் புலி, மேலே ஜெர்மன் மொழியில் சுதந்திர இந்தியா. அவர்கள் எடுத்த சத்தியத்தில் ஹிட்லர் பெயரும் போஸ் பெயரும் சேர்ந்தே வந்தன. 1944-ல் படை வாஃபன் எஸ்.எஸ். வசம் போயிற்று. 1942-ல் போஸ் ஏற்படுத்திய ஆஸாத் ஹிந்த் பதக்கங்களை வியன்னாவில் ருடால்ஃப் ஸௌவால் கம்பெனி செய்தது. போருக்குப் பிறகும் அடித்தது. எனவே அசலா, பிந்தைய அச்சா என்று சேகரிப்பவர்கள் மணிக்கணக்கில் மோதுவார்கள். அந்தச் சத்தியத்தைப் பற்றி மோதல் இல்லை. அது நம்மையும் கூச வைக்கிற விஷயம். உருவத்தைப் பற்றி மட்டும் பேசுவதில் இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது. நம் சிறு பத்திரிகைகளிலும் அந்தச் சௌகரியத்தைப் பார்க்கிறேன்.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைமேல் குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தன. உயர் நீதிமன்றச் சுவரில் ஒரு கல் இருக்கிறது. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே கப்பல் ஒழிந்தது. அதிலிருந்து எடுத்த மெக்ஸிகோ வெள்ளி நாணயங்களை ஆஸ்திரேலியர்கள் பதக்கங்களாக்கிக்கொண்டார்கள். சென்னைக்காரன் எடுத்துக்கொண்டது பெயரை. அதில் பயமும் கொஞ்சம் வியப்பும் இன்னும் ஒட்டியிருக்கின்றன. மயிலாப்பூரில் மாமனாரையும் மேலதிகாரியையும் எம்டன் என்கிறவர்களில் பலருக்கு அப்படி ஒரு கப்பல் இருந்ததே தெரியாது.