சீட்டுக்கவியும் புரொபோசலும்

பாரதி 1919-ல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு எழுதிய சீட்டுக்கவியை, நிதி கேட்கும் விண்ணப்பமா வாசிச்சுப் பார்த்தேன். அந்த வகையில் அது தேறாது. தன் கவிதையின் பெருமை இருக்கு, ராஜாவின் பெருமை இருக்கு, பல்லக்கும் பரிவாரமும் கேட்கிறார். பரிசை வச்சு என்ன செய்யப் போறார்? ஒரு வரி இல்லை.

1920-ல் நண்பர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை நேர் எதிர். தன் எழுத்தெல்லாம் 40 புத்தகம், ஒவ்வொன்றும் 10,000 பிரதி; ஆளுக்கு 100 ரூபாய் கடன் கொடுங்கள், வட்டியோடு தருகிறேன். எண்ணிக்கையில் பேராசைதான் (ஸ்டார்ட்அப் ஆட்கள் வெட்கப்படணும்). ஆனால் அந்தக் காகிதத்தில் வேறொருவர் கையெழுத்துப் போட முடியாது. கைப்பிரதிகள் அவருடையவை.

நயினார்கோவில் பக்கம் கண்மாய் மராமத்துக்காகக் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம் கேட்டு, பிரீலான்ஸ் கிராண்ட் ரைட்டர்கள் எழுதிக் கொடுத்த புரொபோசல்கள் சில என்னிடம் வந்தன. ஆங்கிலம் சுத்தம், பட்ஜெட் கணக்கும் சரி. ஆனால் ஊர்ப் பெயரை மாத்தினா திருவாடானைக்கும் அப்படியே பொருந்தும். "பின்தங்கிய மாவட்டம்", "நீடித்த வளர்ச்சி" எல்லாம் கொடுப்பவர் காதுக்கு இனிக்கும் சொற்கள். பட்ஜெட் ஒட்டிய சீட்டுக்கவின்னு சொல்லலாம்.

கூலிக்கு எழுதுவதில் தப்பில்லை, வெளியூர்க்காரர் எழுதுவதிலும் இல்லை. நீர்பாய்ச்சியோடு கரையில் அரை நாள் நடந்தாலே போதும்: எத்தனை மடை, கலுங்கு எந்த நிலையில், வரத்துக்கால் எங்கே கருவேலத்தில் அடைபட்டிருக்கு, ஆயக்கட்டில் யார் இன்னும் விவசாயம் பண்றாங்க. பணம் வந்தால் ஜேசிபி முதலில் எங்கே இறங்கணும்? நான் படிச்ச எதிலும் அது இல்லை.