சோபாபசார் சீமானும் குடும்பப் புனிதமும்

முகப்பேர் என்னும் ஊர்ப்பெயர் மகப்பேறு என்பதன் திரிபே என்பர் சிலர். அவ்வூர்ச் சந்தான சீனிவாசர் கோயிலுக்குப் பிள்ளைவரம் கேட்டு வருகிறார்கள் பெண்கள். பெற்றால் தாய், பெறாவிட்டால் மலடி, கணவனை இழந்தாலோ மங்கலமற்றவள்! இந்தக் கணக்கு வெறும் அறியாமை, பள்ளிக்கூடம் பெருகினால் மறையும் என்று நம்பும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. நாம் அப்படி நம்புவதற்கில்லை. குறுக்கே நிற்கிறார், கல்கத்தா சோபாபசார் மாளிகையில் வாழ்ந்த இராசா இராதாகாந்த தேவ்.

கல்லாதவரா அவர்? 'சப்தகல்பத்துருமம்' என்னும் வடமொழிப் பேரகராதியைப் பல்லாண்டு உழைத்துத் தொகுத்தவர். இந்துக் கல்லூரி நிருவாகத்தில் முப்பதாண்டுக்கு மேல் வீற்றிருந்தவர். பெண்கல்வி வேண்டுமென்று வாதாடியவர். சிறுமியருக்குத் தேர்வு நடத்தத் தம் மாளிகையையே தந்தவர். பாராட்டுகிறோம், தாராளமாக!

1829 டிசம்பரில் பெண்டிங்கு உடன்கட்டையைத் தடுத்தார். 1815 முதல் 1828 வரை வங்க மாகாணத்தில் அரசாங்கக் கணக்கில் ஏறியவர் மட்டும் 8,000க்கு மேல். தடை வந்ததும் பதறினர் சீமான்கள் — எரிந்தவர்களுக்காக அல்ல! 1830 சனவரியில் தர்மசபை பிறந்தது; தேவ் குடும்பம் முன்னணியில் நின்றது. இலண்டன் பிரிவி கவுன்சில்வரை முறையிட்டனர். 1832இல் முறையீடு தள்ளுபடியாயிற்று. இராம்மோகன் ராய் பக்கம் நின்றோரைச் சாதிவிலக்குச் செய்தது சபை. போப்பாண்டவரின் விலக்காணைக்கு இது எவ்வகையில் இளைத்தது? கோபுரமில்லாத திருச்சபை, அதற்குக் கார்டினல் ஒரு சீமான்!

சாத்திரத்தை நீக்கிவிட்டுச் சொத்தைப் பார்ப்போம். வங்கத்தில் வழங்கிய தாயபாக முறைப்படி, ஆண்மகவில்லாத விதவை கணவனின் பங்கை ஆயுள்வரை அனுபவிக்கலாம். அவள் சிதையேறிவிட்டால்? பங்காளிக்கு வழி திறந்தது. எல்லாச் சிதையும் சொத்துக்காகவே மூட்டப்பட்டது என்று நாம் கூறவில்லை. ஏழை வீட்டுப் பெண்ணும் எரிந்தாள். ஆனால் சபை கூட்டியவர்கள் ஏழைகளல்லர்.

விதவை மறுமணச் சட்டம் வேண்டி வித்தியாசாகர் தந்த விண்ணப்பத்தில் ஆயிரம் கையெழுத்துக்கூட இல்லை. எதிர்த்து இராதாகாந்தர் திரட்டியவையோ 36,000க்கு மேல்! பெண் படிக்கலாமாம், படித்தவள் தன் வாழ்வைத் தானே முடிவு செய்யலாகாதாம். அகராதி தொகுத்த கைதான் இந்தக் கோட்டையும் கிழித்தது.

அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் உள்ள இந்த உறவு அன்றோடு தீர்ந்ததா? செருமனியில் பிரபுக்களின் சட்டச் சலுகை 1919இலேயே ஒழிந்தது. ஆயினும் ரேகன்ஸ்பர்க் அரண்மனையின் 'இளவரசி' குளோரியா, கத்தோலிக்கப் பழமைவாதிகளின் தோழி, 2019இல் வெரோனாவில் கூடிய உலகக் குடும்ப மாநாட்டு மேடையில் ஏறினார். பட்டம் போனபின்பும் குடும்பத்துக்குக் காவல் நிற்க இவர்களையே அழைக்கிறார்களே, என்ன விந்தை!

மறுமணச் சட்டம் 1856இல் நிறைவேறியது, இராதாகாந்தர் தோற்றார் என்று எழுதுவோர் அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவையும் படிக்கட்டும். மறுமணம் செய்தவள், முதற்கணவன் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்கிறது அது. அவள் இறந்துவிட்டதாகவே கொண்டு, சொத்து அடுத்த வாரிசுக்குப் போகும். அப்பிரிவின் வலு ஒடிய 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது.