இன்ஸ்டால் ஆகலை, ஏன்னும் சொல்லலை: உபுண்டு 22.04-உம் ஃபயர்ஃபாக்ஸும்

2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 வந்ததிலிருந்து லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்ட ஒரு கேள்வி, ஏறக்குறைய வார்த்தை மாறாமல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. "க்னோம் எக்ஸ்டென்ஷன் போடணும்னு ஃபயர்ஃபாக்ஸில் அந்தத் தளத்தைத் திறந்தேன். கனெக்டர் இல்லைன்னு சொல்லுது. கனெக்டரையும் போட்டுட்டேன். இன்னும் இல்லைன்னே சொல்லுது." இதற்குக் கிடைத்த பதிலும் ஏறக்குறைய ஒரே வரிதான்: "ஸ்னாப்பைத் தூக்கிட்டு வேற ஃபயர்ஃபாக்ஸ் போடுங்க."

கேள்வி நியாயமானது. பதிலும் வேலை செய்யும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு விஷயம் பேசப்படாமலே போய்விடுகிறது. கணினி ஒரு வேலையைச் செய்ய மறுத்திருக்கிறது. மறுத்ததற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அதை மட்டும் யாரும் பயனரிடம் சொல்லவில்லை. இந்தக் குறிப்பு அந்த மௌனத்தைப் பற்றியது. ஸ்னாப் நல்லதா கெட்டதா என்ற பழைய சண்டையை இங்கே இழுக்கப் போவதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கே "எக்ஸ்டென்ஷன்" என்று இரண்டு சாமான்கள் இருக்கின்றன. ஒன்று, க்னோம் டெஸ்க்டாப்பின் மேல் ஏறி உட்காருவது: பேனலை மாற்றுவது, டாக்கை நகர்த்துவது போன்றவை. இன்னொன்று, பிரவுசருக்குள் உட்காருவது. க்னோம் எக்ஸ்டென்ஷன்களுக்கான தளம் 2011-ல் வந்தது. தளத்தில் ஒரு ஸ்விட்சைத் தட்டினால் உங்கள் டெஸ்க்டாப்பில் எக்ஸ்டென்ஷன் ஏறிவிடும் என்பதுதான் ஏற்பாடு. ஒரு வலைப்பக்கம் டெஸ்க்டாப்பை நேரடியாகத் தொட முடியாது இல்லையா? அதனால் ஆரம்பத்தில் பழைய பாணி ப்ளக்இன் ஒன்று நடுவில் இருந்தது. பிரவுசர்கள் அந்த வகை ப்ளக்இன்களைக் கைவிட்ட பிறகு இரண்டு துண்டுகளாகப் புது ஏற்பாடு வந்தது: பிரவுசருக்குள் ஒரு எக்ஸ்டென்ஷன், பிரவுசருக்கு வெளியே பைத்தானில் எழுதிய ஒரு சின்ன நிரல். இந்த இரண்டாவது துண்டுதான் கனெக்டர். இரண்டும் பேசிக்கொள்ளும் வழிக்கு நேட்டிவ் மெசேஜிங் என்று பெயர். கீபாஸ்எக்ஸ்சி போன்ற கடவுச்சொல் பெட்டகங்கள் பிரவுசருடன் பேசுவதும் இதே வழியில்தான்.

கனெக்டரை நிறுவும்போது ஒரு சின்ன அறிவிப்புக் கோப்பு பொது அடைவு ஒன்றில் வைக்கப்படும். "இந்தப் பெயரில் ஒரு நிரல் இருக்கிறது, இந்த இடத்தில் இருக்கிறது, இந்த எக்ஸ்டென்ஷன் அதைக் கூப்பிடலாம்" என்பதுதான் அதில் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் அந்தக் கோப்பைப் படித்து, நிரலைத் தானே ஓடவிடும்.

இப்போது 22.04-க்கு வருவோம். அந்தப் பதிப்பில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாக மட்டுமே வந்தது. ஏபிடி வழியாக ஃபயர்ஃபாக்ஸ் கேட்டாலும் கிடைப்பது ஒரு வெற்று டெப் பொதிதான். அது ஸ்னாப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஸ்னாப்புக்குள் ஓடும் ஃபயர்ஃபாக்ஸ் பார்க்கிற அடைவுகள் உங்கள் கணினியின் அடைவுகள் அல்ல. அதற்கென்று தனிக் கோப்பு அமைப்பு, தனித் தற்காலிக அடைவு, தனி ப்ரொஃபைல் இடம் எல்லாம் உண்டு. நீங்கள் ஏபிடி வழியாகப் போட்ட கனெக்டரின் அறிவிப்புக் கோப்பு வெளியே பத்திரமாக இருக்கிறது. உள்ளே இருந்து பார்க்கிற ஃபயர்ஃபாக்ஸுக்கு அந்த இடம் காலி. கோப்பு எப்படியோ கண்ணில் பட்டாலும், வெளியே இருக்கும் ஒரு நிரலை ஓடவிட அதற்கு அனுமதி கிடையாது.

எனவே ஃபயர்ஃபாக்ஸ் தன் எக்ஸ்டென்ஷனிடம் "அப்படி ஒரு நிரலே இல்லை" என்கிறது. எக்ஸ்டென்ஷன் அதைத் தளத்திடம் சொல்கிறது. "கனெக்டர் கண்டுபிடிக்கப்படவில்லை, எப்படிப் போடுவது என்று ஆவணத்தைப் பாருங்கள்" என்று தளம் உங்களிடம் சொல்கிறது. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொல்கிறார்கள். உங்களிடம் வந்து சேரும்போது அது பொய்யாகிவிடுகிறது. கனெக்டர் இருக்கிறதே! அதைத் திரும்ப நிறுவச் சொல்லும் அறிவுரை உங்களை அதே இடத்தில் சுற்றவைக்கிறது.

தெரிந்தவர் யார்?

இங்கேதான் என் விமர்சனம் தொடங்குகிறது. க்னோம் தளத்துக்கு உங்கள் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பா டெப்பா என்று தெரிய வழியில்லை. எக்ஸ்டென்ஷன் எழுதியவருக்கும் தெரியாது. அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனால் ஃபயர்ஃபாக்ஸுக்குத் தெரியும். தான் ஸ்னாப்புக்குள் ஓடுகிறோமா என்று பார்ப்பதற்கான சோதனை அதன் நிரலிலேயே இருக்கிறது. ஸ்னாப்பைக் கட்டித் தந்தவர்களுக்கும் தெரியும். "நான் அடைப்புக்குள் ஓடுகிறேன், வெளியே உள்ள நிரல்களை என்னால் கூப்பிட முடியாது" என்ற ஒரே வரியை அவர்களால் காட்டியிருக்க முடியும். அந்த ஒரு வரி எத்தனையோ பேரின் மாலைப்பொழுதைக் காப்பாற்றியிருக்கும்.

எதிர்பாராமல் வந்துவிட்ட சிக்கல் என்றும் இதைச் சொல்ல முடியாது. உபுண்டு 19.10-ல், அதாவது 2019 அக்டோபரில், குரோமியத்தை ஸ்னாப்பாக மாற்றியாகிவிட்டது. குரோமியம் ஸ்னாப்பில் க்னோம் கனெக்டர் கண்டுபிடிக்கப்படவில்லை என்ற வழு அதற்கும் முன்பே, 2018-லேயே உபுண்டுவின் வழுப் பட்டியலில் ஏறியிருந்தது. நாலு வருஷம் கழித்து, இயல்பாகவே வரும் பிரவுசரை அதே அடைப்புக்குள் போட்டபோதும் அந்த வழி திறக்கவில்லை, அறிவிப்பும் வைக்கவில்லை. இது ஐந்து ஆண்டு ஆதரவுள்ள பதிப்பு. அலுவலகங்களும் பள்ளிகளும் நம்பி எடுக்கிற பதிப்பு.

தீர்வுக்கு யாரும் உழைக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். அடைப்புக்கு வெளியே இருக்கும் போர்ட்டல் என்ற இடைத்தரகரிடம் பிரவுசர் கேட்கும், போர்ட்டல் உங்களிடம் அனுமதி வாங்கிக் கனெக்டரை ஓடவிடும் என்ற ஏற்பாட்டை உபுண்டுக்காரர்கள் உருவாக்கினார்கள். மூலத் திட்டத்தில் அது சேர்வதற்கு முன்பே தங்கள் பொதியில் ஒட்டாகச் சேர்த்தும் கொண்டார்கள். வெளியீட்டுக்குச் சில மாதங்கள் கழித்து அது பயனர்கள் கைக்கு வந்தது. முதல் முறை கூப்பிடும்போது ஒரு அனுமதிப் பெட்டி வரும். "சரி" என்றால் வேலை நடக்கும். நல்ல வடிவமைப்பு இது, பாராட்டலாம். ஆனால் பூட்டை முதலில் மாட்டிவிட்டுச் சாவியை அப்புறம் செய்தார்கள். நடுவில் போன மாதங்களில் கதவில் ஒரு துண்டுச்சீட்டுகூட ஒட்டவில்லை.

பாதுகாப்பு என்ற வாதம்

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பிரவுசர் தான் ஆபத்து நுழையும் முதல் வாசல்; அதை அடைப்புக்குள் வைப்பது சரி; நேட்டிவ் மெசேஜிங் என்பது அந்த அடைப்பில் வேண்டுமென்றே போடும் ஓட்டை; அதை யோசித்துத்தானே திறக்க வேண்டும்? ஒப்புக்கொள்கிறேன். மறுத்தது சரியான முடிவாகவே இருக்கலாம்.

ஆனால் காரணம் சொல்லாத மறுப்பு பாதுகாப்பைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது. அடைப்பு ஏன் இருக்கிறது என்று தெரியாதவர் செய்யும் முதல் காரியம் அடைப்பையே பிய்த்து எறிவதுதான். எங்கேயோ கிடைத்த நாலு வரிக் கட்டளையை சூடோ போட்டு ஒட்டுவார். யார் நடத்துகிறார்கள் என்று பார்க்காமல் ஏதோ ஒரு களஞ்சியத்தைச் சேர்ப்பார். கடவுச்சொல் பெட்டகம் பிரவுசருடன் பேசாவிட்டால் கடவுச்சொல்லைக் காப்பி பண்ணி ஒட்டத் தொடங்குவார். அந்தப் பெட்டகம் தரும் பெரிய பயனே, போலித் தளத்தில் அது தானாக நிரப்பாது என்பதுதான். கையால் ஒட்டும்போது அது போய்விடுகிறது. அடைப்பு எதற்காக வந்ததோ, அதற்கே எதிரான பழக்கத்தில் போய் முடிகிறது.

தவறான செய்தி எவ்வளவு தூரம் அலையவைக்கும் என்பதற்கு ஃபயர்ஃபாக்ஸின் வரலாற்றிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. 2019 மே 4 அன்று, எக்ஸ்டென்ஷன்களுக்குக் கையொப்பமிடும் சங்கிலியில் இருந்த ஒரு இடைநிலைச் சான்றிதழ் காலாவதியானது. உலகம் முழுக்க எக்ஸ்டென்ஷன்கள் அணைந்துபோயின. புதிதாகப் போட முயன்றவர்களுக்குத் திரையில் வந்த செய்தி: பதிவிறக்கம் தோற்றது, இணைய இணைப்பைச் சரிபாருங்கள். இணைப்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! மறுநாளே 66.0.4 பதிப்பில் திருத்தம் வந்தது. அடுத்த சில நாட்களில், என்ன நடந்தது என்று ஃபயர்ஃபாக்ஸின் அப்போதைய தொழில்நுட்பத் தலைவர் எரிக் ரெஸ்கோர்லா விரிவாக எழுதினார். அந்த வெளிப்படைத்தன்மை மதிக்கத்தக்கது. ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படிக்காத ஒருவர், தன் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு

லினக்ஸ் மின்ட் 20-ஐ இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2020-ல் வந்த அந்தப் பதிப்பும் ஒரு மறுப்பைச் செய்தது, எதிர்த் திசையில். ஏபிடி வழியாக ஸ்னாப் உள்ளே வரக் கூடாது என்று தடுத்தது. அந்த முடிவு பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். ஆனால் தடுக்கும் அமைப்புக் கோப்பைத் திறந்தால், எதைத் தடுக்கிறது என்று குறிப்பு இருக்கிறது. மேலும் படிக்க எங்கே போவது என்ற முகவரியும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் தடையை நீக்கும் வழியும் உண்டு. குரோமியம் கேட்டவர்களுக்கு முதலில் ஒரு வெற்றுப் பொதிதான் தந்தார்கள். அது ஏன் வெற்று, குரோமியம் வேண்டுமென்றால் எங்கே போவது என்று சொல்லும் பொதி. பிறகு தாங்களே குரோமியத்தைக் கட்டித் தந்தார்கள்.

இரண்டு இடத்திலும் வெற்றுப் பொதி. ஒன்று காரணம் சொல்கிறது, இன்னொன்று கேட்காமல் வேறொன்றைக் கொண்டுவந்து வைக்கிறது. பயனரை எப்படி நினைக்கிறார்கள் என்பது இந்த இடத்தில் தெரிந்துவிடுகிறது.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு

விமர்சனம் மட்டும் படித்துவிட்டுப் போனால் எக்ஸ்டென்ஷன் ஏறிவிடாது. இந்த வரிசையில் பாருங்க.

முதலில், எந்த ஃபயர்ஃபாக்ஸ் ஓடுகிறது என்று பாருங்க. உதவிப் பட்டியலில் உள்ள சிக்கல்தீர்வுப் பக்கத்தில், அப்ளிகேஷன் பைனரி என்ற வரியில் பாதை தெரியும். அது ஸ்னாப் அடைவில் தொடங்கினால் நீங்கள் அடைப்புக்குள் இருக்கிறீர்கள்.

அப்படியானால் ஸ்னாப்பையும் கணினியின் மற்றப் பொதிகளையும் சேர்த்தே புதுப்பியுங்க. போர்ட்டல் ஸ்னாப்புக்கு வெளியே இருப்பதால் ஒன்றை மட்டும் புதுப்பித்தால் போதாது. லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாங்க. அனுமதிப் பெட்டி வந்தால் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்க.

க்னோம் எக்ஸ்டென்ஷன்தான் வேண்டும் என்றால் பிரவுசரே தேவையில்லை. எக்ஸ்டென்ஷன் மேனேஜர் என்ற செயலி உபுண்டு 22.04-இன் களஞ்சியத்திலேயே இருக்கிறது. தேடுவது, போடுவது, நீக்குவது எல்லாம் அதிலேயே முடியும்.

அதிலும் ஏறவில்லை என்றால் க்னோம் பதிப்பைப் பாருங்க. 22.04-ல் இருப்பது க்னோம் 42. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் தான் எந்தெந்தப் பதிப்பில் ஓடும் என்று அறிவித்திருக்கும். 2023-ல் வந்த க்னோம் 45 நிரல் எழுதும் முறையையே மாற்றியதால், அதற்கு மாற்றி எழுதப்படாத பழைய எக்ஸ்டென்ஷன் எதுவும் அதில் ஓடாது. இதற்கும் ஸ்னாப்புக்கும் சம்பந்தமில்லை.

டெப்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், மோசில்லாவே 2024 ஜனவரி முதல் தன் ஏபிடி களஞ்சியத்தில் தருகிறது. ஒரு எச்சரிக்கை: உபுண்டுவின் வெற்றுப் பொதியின் பதிப்பு எண், எந்த உண்மையான ஃபயர்ஃபாக்ஸ் எண்ணையும்விடப் பெரிதாகத் தெரியும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. களஞ்சியத்தைச் சேர்ப்பதோடு, மோசில்லாவின் பொதிக்கே முன்னுரிமை என்றும் எழுதிவைக்க வேண்டும். அதற்கான வரிகளை மோசில்லாவின் சொந்த ஆவணத்தில் இருந்தே எடுங்க. இல்லாவிட்டால் அடுத்த அப்டேட்டில் ஸ்னாப் திரும்பி வந்து நிற்கும்.

இந்த ஐந்து படிகளில் எதையும் பயனர் தானாக ஊகித்திருக்க முடியாது. லினக்ஸில் எல்லாம் திறந்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் மூலநிரலைப் படித்துக் காரணம் கண்டுபிடிக்கலாம் என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமை நிரலைப் படிக்கத் தெரிந்தவர்களோடு நின்றுவிடுகிறது. மற்றவர்களுக்குக் கிடைப்பது திரையில் வரும் ஒரு வரி மட்டும்தான். ஒரு டிஸ்ட்ரோவை மதிப்பிடும்போது அது எத்தனை பொதிகள் தருகிறது என்று பார்க்கிறோம், எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று பார்க்கிறோம். முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஏன் முடியாது என்றும் சொல்கிறதா என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.